பழைய எலக்ட்ரிக் பியானோ பதிவில் சரியாக வரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ரோட்ஸ், வுர்லிட்சர் என்னும் பழைய எலக்ட்ரிக் பியானோக்களில் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்கு, எந்தப் பிளக்கின் (ஒலியை மாற்றும் மென்பொருள்) போடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூடியைத் திறந்து பார்த்தீர்களா? ரோட்ஸில் ஒலி பிறக்கும் இடம், ஒரு எஃகுக் கம்பி நுனிக்கும் ஒரு காந்த முனைக்கும் நடுவே உள்ள ஒன்றரை மில்லிமீட்டர் அளவிலான இடைவெளி. வுர்லிட்சரில் அது இன்னும் குறுகல். அங்கே தவறவிட்டதை மிக்ஸில் ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்து மீட்டவர்களை நான் பார்த்ததில்லை.

கோளாறு எங்கே என்று தெரிய மூன்று முறை கேளுங்கள். முதலில் எந்த வயரும் மாட்டாமல், மூடியைத் திறந்து, காதை அருகே வைத்து ஒவ்வொரு கட்டையாக வாசியுங்கள். மெலிதாகத்தான் கேட்கும், ஆனால் எது நீடித்து ஒலிக்கிறது, எது பொத்தென்று செத்துப்போகிறது என்பது தெளிவாகத் தெரியும். அடுத்து கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேரே மாட்டி, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் ஹெட்ஃபோனில். கடைசியாக ஆம்ப், மைக் எல்லாம் சேர்த்து. பிரச்சினை எந்தக் கட்டத்தில் முதலில் தலைகாட்டுகிறதோ அங்கேதான் தேட வேண்டும். முதல் கட்டத்திலேயே செத்திருக்கும் ஸ்வரத்துக்கு மைக்கை மாற்றிப் பயனில்லை.

பிளக்கைச் சொருகுவதற்கு முன்

ரோட்ஸ் ஸ்டேஜ் மாடலுக்கு மின்சாரமே வேண்டாம், கிதார் போல வயர் மட்டும் போதும். ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும் சூட்கேஸ் மாடலுக்கும் வுர்லிட்சருக்கும் வேண்டும். சிங்கப்பூருக்கு வரும் பழைய பியானோக்களில் அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை. ஜப்பான் வழியாக வந்தவை 100 வோல்ட்டில் ஓடியிருக்கலாம். நம் சுவரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பயண அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. பின்பக்கத்து லேபிளைப் படித்துவிட்டு, அதற்கேற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதுவும் 60 ஹெர்ட்ஸை நமக்குத் தராது. 60-க்கென்று செய்த உள் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், ஆகவே இரவெல்லாம் ஆன் செய்து வைக்காதீர்கள்.

வுர்லிட்சரின் ரீட் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய எஃகு நாக்கு) பகுதியில் சுமார் 150 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வடியக் கொஞ்ச நேரம் விட்ட பிறகே உள்ளே கை. சந்தேகம் இருந்தால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: கம்பளி போர்த்தியது போல மங்கலாக இருக்கிறது

ஸ்டேஜ் மாடலில் அநேகமாக இது பியானோவின் குற்றமே அல்ல. உள்ளே ப்ரீஆம்ப் கிடையாது. பிக்கப்பில் (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருளில்) பிறக்கும் சிக்னல் ஒரு வால்யூம் குமிழையும் ஒரு பேஸ் பூஸ்ட் குமிழையும் தாண்டி அப்படியே வெளியே வருகிறது. அதை மிக்ஸரின் லைன் இன்புட்டில் மாட்டினால், 10 கிலோ ஓம் அளவிலான அந்த இன்புட் மேல் அலைவரிசைகளை விழுங்கிவிடும். இன்டர்ஃபேஸில் கிதார் படம் போட்ட இன்புட்டுக்கோ, 1 மெகா ஓம் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸுக்கோ (சிக்னலை மைக் கேபிளில் அனுப்ப ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) மாற்றிப் பாருங்கள். ஒரே வயர், ஒரே ஸ்வரக்கூட்டு, இரண்டு இன்புட்டுகள்: வித்தியாசம் உடனே கேட்கும்.

வயரின் நீளமும் கணக்கு. வயர் நீள நீள அதன் மின்தேக்கம் ஏறும், மேல் அலைவரிசை கரையும். 3 மீட்டர், மிஞ்சிப் போனால் 5 மீட்டர். இன்னும் தூரம் போக வேண்டுமானால் டிஐ பாக்ஸைப் பியானோவின் அருகே வைத்துவிட்டு, அங்கிருந்து மைக் கேபிளில் கொண்டு போங்கள்.

இரண்டு குமிழ்களையும் முழுக்கத் திறந்து வையுங்கள். பெயர் பேஸ் பூஸ்ட் என்றாலும், அது உண்மையில் எதையும் கூட்டுவதில்லை. கீழே திருப்பினால் பேஸைக் குறைக்கிறது, அவ்வளவே. பேஸை வெட்ட வேண்டுமென்றால் பதிவுக்குப் பிறகு வெட்டலாம், வெட்டியதைத் திருப்பி ஒட்டுவதுதான் கடினம். குமிழ்களே பழுது என்று சந்தேகமா? பிக்கப்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஹார்ப் சட்டத்தில் ஒரு ஆர்சிஏ சாக்கெட் இருக்கும். அதிலிருந்து நேரே எடுத்துக் கேளுங்கள். அங்கே தெளிவு, முன்பக்க ஜாக்கில் மங்கல் என்றால் குற்றவாளி நடுவில் இருக்கிறார்.

இதையெல்லாம் செய்த பிறகும் "ரெக்கார்டுல கேட்ட மாதிரி இல்லையே" என்று தோன்றலாம். தோன்றத்தான் செய்யும். நாம் காதில் வைத்திருக்கும் ரோட்ஸ் ஒலியில் பாதி, ஆம்பின் ஒலி. ஃபெண்டர் ட்வின் போன்ற கிதார் ஆம்ப் நடு அலைவரிசையைக் குழித்து, மேலே பளபளப்பு கூட்டி, 12 அங்குல ஸ்பீக்கரின் இயல்பால் உச்சியைத் தானாகவே மழுக்கிவிடும். நேரடி டிஐ ஒலி அதன் முன் சோகையாகத்தான் இருக்கும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் எடுங்கள்.

அப்படி எடுக்கும்போது வரும் துணை அறிகுறி: தனித்தனியே நன்றாக இருக்கும் இரண்டு தடங்கள், சேர்ந்தால் ஒல்லியாகிவிடும். மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.9 மில்லிவினாடி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அது 40 சாம்பிளுக்குச் சற்று மேல். மைக் தடத்தை அவ்வளவு முன்னே இழுங்கள், பிறகு ஒரு தடத்தின் துருவத்தை (அலையின் மேல்-கீழை) திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் இடது கை ஸ்வரங்கள் கனமாக இருக்கின்றனவோ அதுவே சரி. கண்ணால் அலைவடிவத்தைப் பொருத்துவதைவிட இது நம்பகமானது.

அறிகுறி: வாசிக்காதபோதும் "ம்ம்ம்…"

ரோட்ஸ் பிக்கப்புகள் ஒற்றைச் சுருள்கள். அருகே எந்த மின்காந்தம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். முதல் சோதனை: பியானோவைக் கால்வாசி வட்டம் திருப்புங்கள். இரைச்சல் மாறினால் காற்றில் வருகிறது. எதிரி அருகே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ஆம்ப், எல்இடி விளக்கின் டிம்மர், ரவுட்டரின் அடாப்டர், மீன்தொட்டி பம்ப் இவற்றில் ஒன்று. ஒவ்வொன்றாக அணையுங்கள். மேலே சொன்ன ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைப் பியானோவின் காலடியில் வைப்பது நானே பலருடைய வீட்டில் பார்த்த கூத்து. குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்.

திருப்பியும் மாறவில்லையா? எர்த் லூப்பாக (கருவிகள் இரண்டு வழியாக எர்த்தோடு சேர்வதால் உண்டாகும் வளையம்) இருக்கலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் நின்றால் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடருங்கள். மின்பிளக்கிலுள்ள எர்த் பின்னைக் கழற்றுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். நம் சாக்கெட்டில் எர்த் பின் இல்லாமல் மூடியே திறக்காது. பேனா நுனி சொருகித் திறக்கும் வித்தை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், அரை நூற்றாண்டு பழைய ஆம்புக்கு அந்த வித்தையைக் காட்டாதீர்கள்.

ஸ்டேஜ் மாடலில் இன்னொன்று: ஹார்ப்பின் உலோகச் சட்டத்தை விரலால் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் சட்டத்துக்கும் சிக்னல் எர்த்துக்கும் இணைப்பு விட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் சரிபார்த்து ஒரு சின்ன வயரால் சேர்த்துவிடுங்கள். வுர்லிட்சரில் இந்தத் தொடு சோதனை கூடவே கூடாது.

மிச்சமிருப்பதை மென்பொருளில் நீக்கப் போகிறவர்கள் கவனிக்க: இரைச்சல் நீக்கும் பிளக்கின்கள் பலவற்றில் தொடக்க அமைப்பு 60 ஹெர்ட்ஸ். இங்கே 50, சென்னையில் மிக்ஸ் செய்பவருக்கு அனுப்பினாலும் 50. அதோடு, 73 கட்டை ரோட்ஸின் மிகக் கீழ் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் அளவிலான ஈ (E). அதற்குச் சற்று மேலே ஜி 49-இலும், ஜி ஷார்ப் 52-க்குச் சற்றுக் கீழேயும் உட்கார்ந்திருக்கின்றன. 50-ஐச் சுற்றி அகலமாக வெட்டினால் அந்த இரண்டும் போய்விடும். முடிந்த அளவு குறுகலாக வெட்டுங்கள். வுர்லிட்சர் 200ஏ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதன் 64 கட்டைகளில் மிகக் கீழ் ஸ்வரமே 55 ஹெர்ட்ஸ்.

அறிகுறி: மணிச் சத்தம் இருக்கிறது, உடம்பு இல்லை. அல்லது ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறது

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். பதிவின் தரத்தில் இதைப்போல வேறெதுவும் மாற்றம் தராது.

ரோட்ஸில் சுத்தியல் அடிப்பது டைன் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியை. அதன் நுனி பிக்கப்பின் கூர்மையான முனைக்கு எதிரே மேலும் கீழும் ஆடுகிறது. நுனி பிக்கப்புக்குச் சரியாக நடுவில் இருந்தால், ஒரு முழு அலைவில் அது காந்தமுனையை இருமுறை கடக்கிறது. பிக்கப் இரண்டு அலைவுகள் என்று கணக்கிடுகிறது. விளைவு, அடிப்படைச் சுருதி மறைந்து ஒரு ஸ்தாயி மேலே உள்ள ஸ்வரம் கேட்கும். உள்ளே யாரும் இல்லாத மண்டபம் போன்ற ஒலி. நுனியை ரொம்பத் தள்ளி வைத்தாலோ, உருண்டையாக, ஆனால் சுரணையே இல்லாமல் ஒலிக்கும்.

வேண்டியது நடுவிலிருந்து கொஞ்சம் மேலே. அப்போது மெதுவாக வாசித்தால் நுனி ஒரே பக்கத்தில் ஆடும், ஒலி மென்மையாக இருக்கும். அழுத்தி அடித்தால் ஆட்டம் பெரிதாகி நடுக்கோட்டைக் கடக்கும், உறுமல் வரும். ரோட்ஸின் உயிர் என்று வாசிப்பவர்கள் சொல்வது இந்த மாற்றத்தைத்தான். பதிவில் உறுமல் வரவில்லை என்று டிஸ்டார்ஷன் பிளக்கின் போட்டால், மெல்லிய ஸ்வரமும் சேர்ந்து உறுமும். விரலுக்குக் கட்டுப்பட்ட உறுமல் இந்த இடைவெளியில் மட்டுமே கிடைக்கும்.

டைனைத் தாங்கும் டோன்பார், ஸ்பிரிங் போட்ட திருகாணிகளில் நிற்கிறது. அவற்றைத் திருப்பினால் நுனி மேலும் கீழும் நகரும். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அதே கட்டையை ஒரே அழுத்தத்தில் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திருப்புங்கள். முதலில் அந்த வெற்று ஒலி வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள், அதுதான் நடு. அங்கிருந்து மேலே நகர்த்தி, அடிப்படை ஸ்வரம் நிரம்பும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த கட்டைக்குப் போகும்போது முந்தியதோடு ஒப்பிடுங்கள், திரையில் தெரியும் மீட்டரோடு அல்ல.

மணிக்கணக்கில் வாடகை கட்டும் ஸ்டூடியோவில் 73 கட்டைக்கும் இதைச் செய்ய முடியாது. பாட்டில் எந்த இரண்டு ஸ்தாயிகள் அதிகம் வருகின்றன என்று வாசிப்பவரிடம் கேட்டு, அவற்றை மட்டும் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: ஒரு ஸ்வரம் கத்துகிறது, பக்கத்து ஸ்வரம் ஊமை

கத்துவதற்குப் பிக்கப் ரொம்ப நெருங்கியிருப்பது காரணம். திருகாணியைத் தளர்த்திச் சற்றுப் பின்னே இழுங்கள். ரொம்ப நெருங்கினால் அழுத்தி வாசிக்கும்போது டைன் பிக்கப்பில் இடித்து "கிளங்" என்று ஒரு உலோகச் சத்தமும் வரும், கீழ் ஸ்தாயியில் குறிப்பாக. ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

ஊமைக்கு இரண்டு வகை. காதை வைத்துக் கேட்டால் ஒலிக்கிறது, ஹெட்ஃபோனில் இல்லை என்றால் பிக்கப் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டரை வைத்துப் பார்க்கும்போது சுருளின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். சுருள்கள் பக்கத்திலுள்ளவற்றோடு இணைத்திருப்பதால், கழற்றாமல் அளந்தால் அறுந்த சுருளும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். காதிலேயே ஒலிக்கவில்லை, "டொக்" என்று உடனே அடங்குகிறது என்றால் டோன்பார் திருகாணி தளர்ந்திருக்கும், அதன் அடியிலுள்ள ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும், அல்லது ஒலியை அடக்கும் டேம்பர் முழுக்கத் தூக்கவில்லை. இவை எதுவும் இல்லையென்றால் டைன் முறியப் போகிறது. வுர்லிட்சரில் ஒரு ரீட் மட்டும் திரும்பத் திரும்பச் சுருதி இறங்கிக்கொண்டே போனால் அதில் விரிசல் விழுந்திருக்கிறது. பதிவு நாளுக்கு முன் மாற்றிவிடுங்கள். அது எந்த டேக்கில் உடையும் என்று உங்களுக்குத் தெரியும்: நன்றாக வந்துகொண்டிருக்கும் டேக்கில்.

அறிகுறி: கரகரப்பு, பொரிச்சல். மழை நாளில் அதிகம்

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் போதும். சிம் லிம் டவர் கடைகளில் கிடைக்கும். வயரை ஆட்டினால் கரகரத்தால் ஜாக், அல்லது ஹார்ப்பின் ஆர்சிஏ சாக்கெட்.

எதையும் தொடாமலே வுர்லிட்சர் பொரிந்தால், ரீட்டுக்கும் அதைச் சூழ்ந்த பிக்கப் தகட்டுக்கும் நடுவே தூசி. அங்கே மின்னழுத்தம் இருப்பதால் ஒரு துணுக்கு போதும், தீப்பொறி போலச் சத்தம் எழ. மின்சாரத்தை நிறுத்தி, வடியவிட்டு, உலர்ந்த காற்றால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம்தான் உள்ளே போகும்.

ஈரம் என்றதும் நம் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும், வெயிலேறிய பிற்பகலில் 60-க்குப் பக்கத்தில் இறங்கும். மரக்கட்டைகள் ஊதி, ஒன்றோடொன்று உரசி, மெதுவாக எழும். வாசிப்பவர் அதை ஈடுகட்ட அழுத்துவார். பதிவில் அது சீரற்ற வாசிப்பாக விழும். இதைவிட மோசமானது பனித்துளி. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஏர்கான் அறையில் 20 டிகிரியில் குளிர்ந்த பியானோவை வெளியே கொண்டுவந்து திறந்தால், டைன், ரீட் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படியும். துரு அங்கே தொடங்குகிறது. லாரியில் ஏற்றி இறக்கும் நாளில் மூடியைத் திறக்காமல், உறையோடு அறைச்சூட்டுக்கு வரவிடுங்கள். வுர்லிட்சரை அதுவரை ஆன் செய்யவே வேண்டாம். வீட்டிலே வைத்திருப்பவர்கள், ஏர்கானைப் பதிவின்போது மட்டும் போட்டு அணைப்பதைவிட, ஒரு டீஹியூமிடிஃபையரை 55 விழுக்காட்டில் நாள் முழுக்க ஓடவிடுவது மேல்.

அறிகுறி: டியூனர் சரி என்கிறது, பாட்டோடு சேரவில்லை

சுத்தியல் பட்ட கணத்தில் எழும் மணியொலி, அடிப்படைச் சுருதியின் முழு மடங்கு அல்ல. டியூனர் அதைப் பார்த்துக் குழம்பும். மெதுவாகத் தட்டி, மணியொலி அடங்கிய பிறகு வரும் அளவை மட்டும் நம்புங்கள். ரோட்ஸில் டைன் மேல் சுற்றியிருக்கும் சின்ன ஸ்பிரிங்கை நுனிப்பக்கம் தள்ளினால் சுருதி இறங்கும், அடிப்பக்கம் தள்ளினால் ஏறும். மயிரிழை நகர்த்தினாலே போதும்.

வுர்லிட்சரில் ரீட் நுனியிலுள்ள ஈயப் பொட்டை அராவினால் ஏறும், சேர்த்தால் இறங்கும். அராவிய துகள் உள்ளே விழுந்தால் மேலே சொன்ன பொரிச்சல் வரும். கையையும் கழுவுங்கள், ஈயம்.

சுருதிப் பெட்டியையோ ஹார்மோனியத்தையோ சேர்த்துப் பதிவு செய்கிறீர்கள் என்றால், முதலில் அதை அளந்து, அதற்குப் பியானோவைச் சேர்க்காமல், பியானோவுக்கு மற்றதைச் சேருங்கள். 73 ஸ்பிரிங்கைவிட ஒரு சுருதிப் பெட்டியின் குமிழைத் திருப்புவது எளிது. ஹார்மோனியம் என்றால் பாட்டுக்காரரோடு பேச வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஸ்வரத்தோடு "டொக் டொக்"

டிஐ தடத்தில் இல்லாமல் மைக் தடத்தில் மட்டும் இருந்தால் கட்டையின் சத்தம் மைக்கில் விழுகிறது. ஆம்பை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஹெட்ஃபோனில்தானே வாசிக்கிறோம் என்று நள்ளிரவில் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டை அடிக்கும் அதிர்வு நான்கு கால்கள் வழியாக நேரே கீழ்வீட்டுக் கூரைக்குப் போகிறது. கால்களின் கீழ் தடித்த ரப்பர் வையுங்கள்.

அறிகுறி: சூட்கேஸின் சுழல் காணாமல் போனது

வைப்ரேட்டோ போட்டால் ஒலி இடமும் வலமும் அலையும். ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்குகிறது. இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். இரண்டு அவுட்புட்டையும் ஸ்டீரியோவாக எடுங்கள். மைக் என்றால் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் தனித்தனியாக. கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்குச் சுழல் போய்ச் சேராது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அறிகுறி: தனியே அழகு, தபேலாவும் குரலும் வந்ததும் காணோம்

200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறையுங்கள். கம்ப்ரஸர் போடுவதானால் அட்டாக்கை (அது வேலையைத் தொடங்க எடுக்கும் நேரத்தை) 20, 30 மில்லிவினாடிக்கு வையுங்கள். வேகமாக வைத்தால் ஸ்வரத்தின் தலையிலுள்ள மணியொலியைத்தான் அது முதலில் நசுக்கும், காணாமல் போவதும் அதுதான். ஆனால் பல நேரம் மருந்து ஏற்பாட்டிலேயே இருக்கிறது: பேஸ் கிதார் இருக்கும் பாட்டில் பியானோக்காரரின் இடது கையைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

பதிவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் 24 பிட்டில் எடுங்கள். ரோட்ஸின் மெல்லிய ஸ்வரத்துக்கும் அழுத்திய ஸ்வரத்துக்கும் வித்தியாசம் பெரிது, சோதனையின்போது யாரும் முழு வேகத்தில் அடிப்பதில்லை. ஆம்ப் ஒலி எவ்வளவு பிடித்தாலும் டிஐ தடத்தை அழிக்க வேண்டாம். பிறகு வேறு ஆம்பில் போட்டு மறுபடி பதிவு செய்யலாம். அப்போது இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை நேரே ஆம்பில் சொருகாமல், நடுவில் ஒரு ரீஆம்ப் பாக்ஸ் வையுங்கள். லைன் அவுட்டின் வலுவான சிக்னலைப் பிக்கப்பின் அளவுக்கு இறக்கித் தருவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஆம்ப் முதல் ஸ்வரத்திலேயே பிளிறும்.